ரெடிமேட் கேமிங் பிசி வாங்கப் போறீங்களா? போஸ்டர்ல பேர் போடாத பார்ட்டை மொதல்ல கேளுங்க

கேமிங் பிசி போஸ்டர்னா நாலு விஷயம்தான் பெருசா இருக்கும். ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் எத்தன ஜிபி, எஸ்எஸ்டி எத்தன ஜிபி. அதுக்குக் கீழ கலர் கலரா லைட் எரியுற கேபினட் படம். மதர்போர்டு என்ன மாடல், கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் டப்பா எந்தக் கம்பெனி, ரேம் ஒத்த ஸ்டிக்கா ரெண்டு ஸ்டிக்கா, இதெல்லாம் எந்தப் போஸ்டர்லயும் இருக்காது, வெல எங்க கொறஞ்சிருக்குன்னு நோண்டிப் பாத்தா அங்கதான் கொறஞ்சிருக்கும். 2025 செப்டம்பர்ல அக்கா பையனுக்கு ஒரு செட் வாங்குறதுக்காக ஆன்லைன்லயும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன். நான் கம்ப்யூட்டர் ஆளு கெடயாது, ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்குப் பாக்குறவன், பில்லுல என்ன எழுதியிருக்கு என்ன எழுதலன்னு பாக்குற பழக்கம் மட்டும் உண்டு.

பணம் அக்கா சீட்டு எடுத்த பணம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் சேத்து 75 ஆயிரத்துக்குள்ள முடிக்கணும், ஆயுத பூஜைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரணும், இது ரெண்டும்தான் அவ போட்ட கண்டிஷன். பையன் திருச்சியில இன்ஜினியரிங் மொத வருஷம், வீட்லேர்ந்துதான் காலேஜ் போறான். அவன் கேட்டது வேலரன்ட், ஜிடிஏ 5, நடுநடுவுல பெரிய கதை கேம் ஏதாவது. 3டி படம் செய்யுற பிளண்டர் சாஃப்ட்வேர் கத்துக்கப் போறேன்னும் சொன்னான், அது அம்மாகிட்ட பர்மிஷன் வாங்குறதுக்காகச் சொன்னதான்னு எனக்கு இன்னும் சந்தேகம்.

லேப்டாப்பே வாங்கிரலாமேன்னு அத்தான் கேட்டாரு. ஹாஸ்டல்ல இருக்குற பையன்னா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வீட்லயே உக்காந்து ஆடுறவனுக்கு லேப்டாப் தேவையில்ல, அதே காசுக்கு டெஸ்க்டாப்ல ஒரு படி மேல கிராபிக்ஸ் கார்டு கெடைக்குது, மூணு வருஷம் கழிச்சு கார்டை மட்டும் மாத்திக்கலாம், திருச்சி வெயில்ல லேப்டாப் சூடு ஏறி ஃபேன் கத்துற தொல்லையும் இல்ல. அப்புறம் ஏன் பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே மாட்டலன்னு கேப்பீங்க. மாட்டுறது பெரிய வித்தை இல்லன்னு சொல்றாங்க, இருக்கலாம். ஆனா மாட்டி முடிச்சு சுவிட்ச் போட்டு ஆன் ஆகலன்னா, ரேமா போர்டா எஸ்எம்பிஎஸ்ஸான்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாக்க நம்ம வீட்ல ஸ்பேர் எங்க இருக்கு? ரெடிமேட்னா முழு கேபினட்டையும் தூக்கிட்டுப் போயி கடைக்காரர் முன்னாடி வச்சுரலாம், பதில் சொல்ல வேண்டியது ஒரே ஆளு. அந்த ஒரு காரணத்துக்காக ரெண்டாயிரம் மூவாயிரம் கூடக் குடுக்கலாம்ங்கிறது என் கணக்கு.

மொதல்ல ஆன்லைன்ல பாத்தோம். "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், மானிட்டரோட 25 ஆயிரம்"னு போட்டிருந்தது, நாலு ஸ்டாருக்கு மேல ரேட்டிங், அக்கா உடனே "இதையே வாங்கிரலாம்ல, மிச்சம் 50 ஆயிரம் கையில நிக்கும்"னா. உள்ள போயி சின்ன எழுத்தைப் படிச்சா ப்ராசசர் ஐ7 3770, போர்டு எச்61, கிராபிக்ஸ் ஜிடி 730. ஐ7ங்கிறது ஒரு வரிசையோட பேரு அவ்வளவுதான், எந்த ஜெனரேஷன்னு பாக்காம அதுல ஒண்ணும் இல்ல. 3770 வந்தது 2012ல, மூணாவது ஜெனரேஷன், நாலு கோர். 2022ல வந்த ஐ3 12100எஃப்புக்கும் அதே நாலு கோர்தான், ஆனா இது அதை அலட்டாம முந்திரும், பேரு மட்டும் ஐ3. ஜிடி 730 வந்தது 2014ல, அன்னைக்கே அது படம் பாக்க ஆபீஸ் வேலை பாக்கத்தான், நாலு ஜிபி போட்டதால அது கேமிங் கார்டு ஆயிராது. ரேமும் டிடிஆர்3ங்கிற பழைய வகை. இதைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி இருக்கணும், மூணாவது ஜெனரேஷன் போர்டுல இதுக்கெல்லாம் வழியே இல்ல. ஏதோ குறுக்கு வழியில விண்டோஸ் 11 ஏத்திக் குடுத்துருவாங்க, அப்புறம் வேலரன்ட் தொறந்தா டிபிஎம்மும், நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் தொடங்க விடுற செக்யூர் பூட்டும் இல்லாம உள்ளயே விடாது. பையன் அந்த ஒரு கேமுக்காகத்தான் இவ்வளவு நாளா அம்மாகிட்ட கெஞ்சிட்டு இருந்தான்.

ஆன்லைன்லயே நல்ல பில்டு போட்டுத் தர்ற கடைங்களும் இருக்கு, அவங்க பார்ட் லிஸ்ட்டை முழுசா மாடல் பேரோட போடுறாங்க, அதை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கிட்டு சென்னைக்குக் கெளம்புனோம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போறவங்க ஞாயித்துக்கிழமை போயிராதீங்க, முக்கால்வாசி ஷட்டர் எறங்கித்தான் இருக்கும். மவுண்ட் ரோட்டுலேர்ந்து உள்ள நுழையும்போதே பைக்கு, தள்ளுவண்டி, தலையில சிசிடிவி பெட்டி அடுக்கிட்டு வர்ற லோடுமேன், "சார் லேப்டாப்பா, சர்வீஸா, டிஸ்ப்ளே மாத்தணுமா"ன்னு கையைப் பிடிக்காத கொறையா கூப்புடுற பசங்க. அந்தக் கூப்புடுற பசங்க பின்னாடி போகாம நேரா கடைப்படி ஏறுறது நல்லது, அவங்களுக்குப் போற கமிஷனும் நம்ம பில்லுலதான் ஏறும்.

மொதக் கடையில உக்காந்ததும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டுனாரு. ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050, கேமிங் கேபினட், 24 இன்ச் மானிட்டர், 62 ஆயிரம். கல்யாணத்துக்குச் சீர் லிஸ்ட் எழுதுறப்ப "பாத்திரம்"னு மட்டும் எழுதிட்டா வந்து எறங்குறது அலுமினியமா எவர்சில்வரான்னு அன்னைக்குத்தானே தெரியும், அந்த மாதிரிச் சீட்டு அது.

"அண்ணே, ஐ5ல எது?"

"லேட்டஸ்ட் சார்."

"போர்டு?"

"நல்ல போர்டு சார், மூணு வருஷம் வாரண்டி."

"எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி?"

"அது கேபினட்டோட வரும் சார், 450 வாட், தாராளமாப் போதும்."

நான் கேக்கக் கேக்க அவரு மூஞ்சி மாறிட்டே வந்துச்சு, "சார் நீங்க அசெம்பிள் பண்றவரா"ன்னாரு. அவர்கிட்ட கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல, வர்றவங்க நூத்துக்குத் தொண்ணூறு பேரு லைட்டைப் பாத்துத்தான் வாங்குறாங்கன்னா அவரு லைட்டைத்தான் விப்பாரு. ஆனா ஒண்ணு, மாடல் பேரை எழுதித் தரத் தயங்குற கடையில உக்காந்து வெல பேசுறது வேஸ்ட். எந்திரிச்சு வந்துரணும், அந்தத் தெருவுல கடைக்கா பஞ்சம்.

எஸ்எம்பிஎஸ் பத்திக் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், ஏன்னா எல்லாரும் ஏமாறுற எடம் இது. அந்தக் கேபினட்டோட வந்த டப்பாவை வெளிய எடுத்துக் காட்டச் சொன்னேன். கையில வாங்குனா காத்து மாதிரி லேசா இருக்கு. பக்கவாட்டுல ஸ்டிக்கர், பெரிய எழுத்துல 450 வாட். அதுக்குக் கீழ ஒரு குட்டிக் கட்டம் இருக்கும் பாருங்க, 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட்னு தனித்தனியா ஆம்பியர் போட்டிருப்பான். 12 வோல்ட்டுக்கு நேரா 17 ஆம்பியர்னு இருந்துச்சு. 12ஐயும் 17ஐயும் பெருக்குங்க, 204 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுக்குறது இந்த 12 வோல்ட் லைன்லதான். நாங்க மனசுல வச்சிருந்த கார்டு ஆர்எக்ஸ் 6600, அதுக்கு மட்டும் 132 வாட், ப்ராசசருக்குக் கணக்குக்கு 65 வாட், லோடுல அதுக்கும் கொஞ்சம் மேல போகும், அப்புறம் ஃபேனு, எஸ்எஸ்டி. 204 எந்த மூலைக்கு? கேம் சூடு பிடிக்கிற நேரத்துல பொசுக்குனு ஆஃப் ஆகும், இல்லன்னா ஒருநாள் போறப்ப போர்டையும் கார்டையும் சேத்து இழுத்துட்டுப் போகும். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ல அதே கட்டத்துல 12 வோல்ட்டுக்கு நேரா 40 ஆம்பியருக்கு மேல இருக்கும், கரண்டை வீணாக்காததுக்குக் குடுக்குற 80 பிளஸ் ப்ரான்ஸ் முத்திரை இருக்கும், தூக்குனா கனமா இருக்கும். வெல வித்தியாசம் மூவாயிரம் சொச்சம். 75 ஆயிரம் செலவு பண்றவங்க இந்த மூவாயிரத்துல கஞ்சத்தனம் பாக்கக் கூடாது, வேணும்னா கேபினட் லைட்டைக் கொறைங்க.

ரேம் ரெண்டாவது எடம். 16 ஜிபின்னு போஸ்டர்ல இருக்கும், கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா ஒத்த ஸ்டிக்கு நிக்கும். எட்டு எட்டா ரெண்டு போட்டாதான் டூயல் சேனல்ல ஓடும், ஒத்த ஸ்டிக்குன்னா ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல டேட்டா போற வேகம் பாதிதான், கேம்ல அது நல்லாவே தெரியும், முக்கியமா படம் திடீர் திடீர்னு தட்டி நிக்கிறதுல. "ஒண்ணா இருந்தா அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்ல சார்"னு ஒரு கடையில நமக்கு நல்லது பண்ற மாதிரியே சொன்னாரு, கேக்க நல்லாத்தான் இருக்கும், அந்த அப்புறம் எப்ப வரும்னு அவருக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. ரெண்டு ஸ்டிக்கு போட்டுட்டா மட்டும் வேலை முடியாது. 3200ன்னு வாங்குன ரேமை சும்மா மாட்டிவிட்டா 2133, 2400ன்னு கம்மி வேகத்துலதான் ஓடும், பயாஸ்ங்கிற மதர்போர்டு செட்டிங்குக்குள்ள போயி, ரேமை முழு வேகத்துல ஓட வைக்கிற எக்ஸ்எம்பியை ஆன் பண்ணணும். கடைக்காரர் பண்ணித் தந்திருக்காரான்னு டாஸ்க் மேனேஜர் தொறந்து மெமரியைத் தொட்டா வேகம் அங்கயே எழுதியிருக்கும், பில் போடுறதுக்கு முன்னாடி அங்கயே பாத்துருங்க.

கிராபிக்ஸ் கார்டுல பேரை வச்சே ஒரு வெளயாட்டு நடக்குது. ஆர்டிஎக்ஸ் 3050ன்னு ஒரே பேருல ரெண்டு கார்டு இருக்கு. 2022ல வந்தது 8 ஜிபி. 2024ல வந்தது 6 ஜிபி, மெமரி மட்டும் கொறைஞ்சுச்சுன்னு நெனச்சுக்காதீங்க, கோரும் 2560லேர்ந்து 2304க்கு எறங்கியிருக்கு, மெமரி பஸ்ஸும் 128 பிட்லேர்ந்து 96 பிட். தனி பவர் கேபிள் இல்லாம 70 வாட்ல ஓடுறது அதுல ஒரு நல்லது, சின்ன எஸ்எம்பிஎஸ் இருக்குற பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட அது தோதான கார்டு. ஆனா கேமிங் பிசின்னு புதுசா 60 ஆயிரம் குடுத்து வாங்குறப்ப அதை எதுக்கு வாங்கணும், கொஞ்சம் மேல போனா ஆர்எக்ஸ் 6600 கெடைச்சுது, 1080பிங்கிற ஃபுல் எச்டி திரையில 3050 ரெண்டையும் விட நல்லாவே வேகம். நாங்க அதைத்தான் எடுத்தோம். ஒரு விஷயம் நேர்மையாச் சொல்லணும், பிளண்டர் ரெண்டரிங், ஏஐ மாதிரி வேலைதான் முக்கியம்னா என்விடியா பக்கம் போறதுதான் சரி, அந்த சாஃப்ட்வேர்காரங்க மொதல்ல என்விடியாவுக்குத்தான் எழுதுறாங்க. நான் பையன்கிட்ட நேராவே கேட்டேன், "மாப்ள, அம்மா இங்க இல்ல, உண்மையைச் சொல்லு, பிளண்டரா வேலரன்ட்டா?" சிரிச்சான். ஆர்எக்ஸ் 6600ன்னு முடிவாச்சு.

ப்ராசசர்ல பின்னாடி ஒட்டியிருக்குற எழுத்தைப் பாருங்க. ரைசன் 5 5600க்கும் 5600ஜிக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா தனி கார்டு போடுறவங்களுக்கு 5600தான், கேஷ் மெமரி அதுல 32 எம்பி, ஜில 16. கார்டு வாங்க இப்ப காசில்ல, அப்புறமா வாங்கிக்கலாம்னு இருக்கவங்களுக்குத்தான் ஜி, அதுலதான் உள்ளயே டிஸ்ப்ளே இருக்கு, 5600ல கெடயாது. இன்டெல்ல எஃப்ல முடிஞ்சா உள்ள டிஸ்ப்ளே கெடயாதுன்னு அர்த்தம், கார்டு இருந்தாதான் படமே வரும். எஸ்எஸ்டி 512 போதும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, விண்டோஸ் போக, நூறு ஜிபியைத் தாண்டுற கேம் ரெண்டு மூணு போட்டா முடிஞ்சுது, 1 டிபியே எடுத்துருங்க, எஸ்எஸ்டின்னு மட்டும் எழுதாம, அதுல வேகமான வகையான என்விஎம்ஈன்னு சீட்டுல எழுத வைங்க.

விண்டோஸ் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. "விண்டோஸ் போட்டுத் தரோம் சார், ஃப்ரீ"ன்னா அது லைசன்ஸ் இல்லாம ஏதோ ஆக்டிவேட்டர் ஓட்டி ஏத்துனதுதான், அந்த ஆக்டிவேட்டர் ஓட ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணியிருப்பாங்க, அதே மெஷின்ல நாளைக்கு அக்கா நெட் பேங்கிங் தொறப்பா. நாங்க ஆக்டிவேட் பண்ணாம சும்மா இன்ஸ்டால் மட்டும் பண்ணித் தரச் சொல்லிட்டோம், ஓரத்துல ஆக்டிவேட் பண்ணுங்கன்னு ஒரு எழுத்து நிக்கும், வால்பேப்பர் மாத்த முடியாது, மத்தபடி ஓடும், லைசன்ஸ் தனியா வாங்கிப் போட்டோம். இன்ஸ்டால் பண்ணும்போதே யூஈஎஃப்ஐங்கிற புது பூட் மோட்ல போடச் சொல்லி, செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் ஆன் பண்ணச் சொல்லுங்க. பழைய பழக்கத்துல வேற மாதிரி போட்டுக் குடுத்துட்டாங்கன்னா அப்புறம் வீட்ல வந்து வேலரன்ட்டுக்காக பயாஸை நோண்ட வேண்டி வரும்.

இப்ப மானிட்டர். பேக்கேஜோட வர்ற மானிட்டரைப் பெரும்பாலும் வேண்டாம்னுருங்க, அதுக்கு எவ்வளவு கழிப்பீங்கன்னு கேளுங்க. பேக்கேஜ்ல வர்றது 75, 100 ஹெர்ட்ஸ்தான், அதாவது செகண்டுக்கு அத்தன தடவைதான் படம் மாறும், பேரு கேள்விப்படாத கம்பெனியா இருக்கும். 35 ஆயிரம் ரூபாய்க்கு ப்ராசசரும் கார்டும் போட்டு வேலரன்ட்ல செகண்டுக்கு 200 ஃப்ரேம் வர வச்சு, அதை 75 மட்டும் காட்டுற திரையில பாத்தா அந்தக் காசுக்கு என்ன அர்த்தம்? நான் மொத்தக் காசுல ஏழுல ஒரு பங்கை மானிட்டருக்குன்னு மொதல்லயே தனியா ஒதுக்கி வச்சுட்டேன், பேரம் பேசுறப்ப கேபினட் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் அதுல கை வைக்கல. பத்தாயிரம் பக்கத்துல 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் பேனல், 180 ஹெர்ட்ஸ் கெடைச்சுது.

எத்தன ஹெர்ட்ஸ் வேணும்ங்கிறதுக்கு ஒரு சின்னக் கணக்கு, கணக்குப் பிள்ளை புத்தி போகாதுல்ல. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 16.7 மில்லி செகண்ட். 144ல அது 6.9. கிட்டத்தட்ட பத்து மில்லி செகண்ட் கொறையுது, கடையில மவுஸை ஆட்டிப் பாத்தாலே எனக்கே தெரிஞ்சுது. 144லேர்ந்து 180க்குப் போனா 5.6, கொறையுறது ஒண்ணேகால் சொச்சம். அதனால 180 அதே வெலைக்கு வந்தா வாங்குங்க, அதுக்குன்னு ரெண்டாயிரம் சேத்துக் குடுக்காதீங்க, 144ஓ 165ஓ போதும்.

27 இன்ச் கண்ணுக்கு அழகாத்தான் இருக்கும், பையனும் அதுலதான் நின்னான். 27 இன்ச்ல 1080பி போட்டா புள்ளி பெருசாயிரும், 24ல இன்ச்சுக்கு 92 புள்ளி இருக்குற எடத்துல 27ல 82தான், ஒரு கை தூரத்துல உக்காந்து படிக்கிறப்ப எழுத்தோட ஓரம் பிசுறு தட்டும். சரி 1440பி எடுக்கலாம்னா மானிட்டர் வெல கூடுறது ஒரு பக்கம், கார்டு தூக்க வேண்டிய புள்ளி 20 லட்சத்துலேர்ந்து 37 லட்சம் ஆகுது, நம்ம ஆர்எக்ஸ் 6600 பெரிய கேம்ல மூச்சு வாங்கும். சொன்னதும் புரிஞ்சுக்கிட்டான், மூஞ்சி மட்டும் கொஞ்ச நேரம் தொங்கிட்டு இருந்துச்சு.

வளைஞ்ச மானிட்டர் ஒண்ணு கம்மி வெலைக்குக் காட்டுனாங்க, விஏங்கிற இன்னொரு வகை பேனல். இருட்டு சீன்ல கருப்பு நல்லாக் கருப்பா இருக்கும், அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா கம்மி வெல விஏல கருப்பு நெறம் மாறுறதுக்கு நேரம் எடுக்கும், ஓடுற பொருளுக்குப் பின்னாடி நெழல் மாதிரி இழுக்கும். கடையிலயே பாக்கலாம், ப்ரௌசர்ல டார்க் மோட் வச்சு கருப்புப் பின்னணியில இருக்குற வெள்ளை எழுத்தை வேகமா மேலயும் கீழயும் தள்ளுங்க, எழுத்து கலங்கி வால் விட்டா எறக்கி வச்சுருங்க. டப்பாமேல 1 எம்எஸ்ன்னு போட்டிருக்குறதையும் எச்டிஆர் ஸ்டிக்கரையும் நம்பாதீங்க. எச்டிஆர்ங்கிறதுக்கு திரை நல்லா பளிச்சுன்னு எரியணும், 250, 300 நிட்ஸ் வெளிச்சம் மட்டும் இருக்குற பட்ஜெட் மானிட்டர்ல அது சிக்னலை வாங்கிக்கும், காட்டத் தெம்பு இருக்காது.

பில் போட்டதும் டப்பாவைப் பிரிச்சு ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. போன்லயோ பென் டிரைவ்லயோ சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்புன்னு வெறும் கலர் படம் அஞ்சு எடுத்துட்டுப் போங்க, ஒவ்வொண்ணையும் திரை முழுக்கப் போட்டு செத்த புள்ளி இருக்கான்னு பாருங்க. ஒண்ணு ரெண்டு புள்ளிக்குப் பல கம்பெனி வாரண்டியில மாத்தித் தர மாட்டான், கடையில பாத்தா கடைக்காரர் வேற பெட்டி பிரிப்பாரு. எங்களுக்கு வந்ததுல கருப்புப் படம் போட்டப்ப கீழ் மூலையில வெளிச்சம் லேசா கசிஞ்சுது, கடைப் பையனே பாத்துட்டு "இருங்கண்ணே"ன்னு இன்னொரு பீஸ் கொண்டாந்தான்.

அந்த வாரம்தான் ஜிஎஸ்டி மாறுன நேரம், செப்டம்பர் 22. "ரெண்டு நாள் பொறுங்க சார், டேக்ஸ் கொறையுது, கம்ப்யூட்டர் எல்லாம் சல்லிசாயிரும்"னு தெருவுல ஒரே பேச்சு. எனக்கு அது சோத்துக்கான தொழில், அதனால சொல்றேன், 28லேர்ந்து 18க்கு எறங்குனது 32 இன்ச்சுக்கு மேல இருக்குற மானிட்டரும் டிவியும். கம்ப்யூட்டர், பார்ட்டு, சின்ன மானிட்டர் எல்லாம் முன்னாடியும் 18தான், இப்பவும் 18தான். பில் இல்லாம வாங்குனா அந்த 18ஐக் கழிச்சுக்கலாம்னு ஒரு கடையில காதுல சொன்னாங்க. கழிக்கிறது என்னவோ அஞ்சு ஆறு சதவீதம்தான், போறது மொத்த வாரண்டியும். ரெடிமேட் பிசியில ஒவ்வொரு பார்ட்டுக்கும் அந்தந்தக் கம்பெனி வாரண்டி தனித்தனி, அதனால பில்லுல "கேமிங் பிசி ஒண்ணு"ன்னு ஒரே வரியா எழுத விடாதீங்க, ப்ராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கார்டு, எஸ்எம்பிஎஸ் எல்லாத்துக்கும் மாடலும் சீரியல் நம்பரும் தனி வரியா வரணும். கார்டு டப்பா, போர்டு டப்பா எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கோங்க, கடையில அதைக் குப்பையில போட்டுருவாங்க. பில்லு சரியா இருந்தும் யாராவது இழுத்தடிச்சா 1915னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, எங்களுக்கு அது தேவைப்படல.

கடைசியில வாங்குன எடத்துல ரைசன் 5 5600, பி450 போர்டு, ஆர்எக்ஸ் 6600, எட்டு எட்டா 16 ஜிபி, 1 டிபி என்விஎம்ஈ, 550 வாட் ப்ரான்ஸ், முன்பக்கம் வலை வச்ச சாதாக் கேபினட், எல்லாம் சேந்து 56 ஆயிரத்துக்கு முடிஞ்சுது. முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினட் பாக்க ஜோரா இருக்கும், காத்து எந்தப் பக்கமா உள்ள போகும்னு மட்டும் யாரும் யோசிக்கல.

ஊருக்குக் கொண்டு வர்றவங்களுக்கு ஒண்ணு, கேபினட்டை நிக்க வச்சுக் கொண்டு வராதீங்க. போர்டு கீழ வர்ற மாதிரி படுக்க வச்சா கார்டு நேரா நிக்கும், குலுங்குனாலும் ஸ்லாட்டை இழுக்காது. பார்சல் சர்வீஸ்ல போடுறதா இருந்தா கார்டைக் கழட்டித் தனி டப்பாவுலதான் போடணும்.

வீட்ல வந்து மாட்டுனதும் நடக்குற வழக்கமான கூத்து, எச்டிஎம்ஐயை மேல போர்டுல சொருகுறது. 5600ல உள்ள டிஸ்ப்ளே கெடயாதுன்னு சொன்னேன்ல, அதனால திரை கருப்பாவே நிக்கும், பிசி செத்துப் போச்சுன்னு வீடே பதறும். கீழ படுக்கைவசமா இருக்குற கார்டுலதான் சொருகணும். அதுலயும் டிஸ்ப்ளே போர்ட் கேபிள்ல போடுங்க, சில மானிட்டர் எச்டிஎம்ஐல 144 வரைக்கும்தான் போகும். சொருகிட்டாலும் விண்டோஸ் 60லயே ஓட்டிட்டு இருக்கும், டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டுக்குள்ள போயி 180ன்னு நாமதான் மாத்தணும். இதை மாத்தாமலே மாசக்கணக்கா 60ல ஆடிட்டு "வித்தியாசமே தெரியலடா"ன்னு சொல்லிட்டு இருந்த பையன் ஒருத்தன் இவன் கிளாஸ்லயே இருந்தான்.

கரண்ட் விஷயம் யாரும் எழுதுறது இல்ல, நம்ம ஊருக்கு அதுதான் முக்கியம். கேபினட்டைத் தொட்டா லேசா சுருக்குனு இருந்துச்சுன்னா பெரும்பாலும் அது பிசி கோளாறு இல்ல, அந்த பாயிண்ட்டுக்கு எர்த் இல்ல. எலெக்ட்ரீஷியனைக் கூப்ட்டு எர்த் இழுத்துட்டுத்தான் மத்த வேலை. யூபிஎஸ்ஸுக்குன்னு அஞ்சாயிரம் ஒதுக்கி வச்சிருந்தோம். வீட்ல இருந்த பழைய 600 விஏ யூபிஎஸ், பேப்பர்ல 360 வாட், கேம் ஓடுறப்ப மானிட்டரோட சேத்து 250 வாட் பக்கம் இழுக்குது, பேட்டரியும் வயசானது, கரண்ட் போன உடனே கீச்னு கத்திட்டு விழுந்துருச்சு. எலெக்ட்ரீஷியன்தான் பாத்துட்டுச் சொன்னாரு, "வீட்ல சைன் வேவ் இன்வெர்ட்டர் இருக்குல்ல, பின்னாடி சுவிட்சை யூபிஎஸ் மோடுக்கு மாத்துங்க, அந்த லைனை இங்க இழுத்துத் தரேன்". அந்த மோடுல மாறுற நேரம் ரொம்பக் கம்மி, பிசி ரீஸ்டார்ட் ஆகுறது இல்ல. அஞ்சாயிரம் மிச்சம், அது விண்டோஸ் லைசன்ஸுக்குப் போச்சு. உங்க இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்னா இதைச் செய்யாதீங்க, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்து வராது.

ஆயுத பூஜைக்கு அக்கா சந்தனம் குங்குமம் எடுத்துட்டு வந்தா, பக்கக் கண்ணாடியில வைக்கச் சொன்னேன். முன்பக்க வலையில வச்சா ஃபேன் முழுசா உள்ள இழுத்துக்கும்.

இப்ப வாங்கப் போறவங்க ஒண்ணு கவனிங்க. நாங்க வாங்குன கொஞ்ச நாள்லயே ரேம் வெல ஏற ஆரம்பிச்சுது, ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்பெல்லாம் போகுது, 2025 முடியுறதுக்குள்ள அதே 16 ஜிபி ரெண்டு மடங்கைத் தாண்டிருச்சு. எஸ்எஸ்டியும் பின்னாடியே ஏறுச்சு. இது நடந்ததும் போஸ்டர் எப்படி மாறும்னு நெனைக்கிறீங்க, வெல அப்படியே இருக்கும், உள்ள 16 எட்டாயிரும், 1 டிபி 256 ஆயிரும், கேபினட்ல ஃபேன் மட்டும் ஒண்ணு கூடியிருக்கும். பையனோட ஃப்ரெண்டு ஒருத்தன் போன வாரம் அனுப்புன கொட்டேஷன்ல இதேதான், ரேம்னு எழுதி பக்கத்துல எத்தன ஜிபின்னே போடல. அவனுக்கு நான் சொன்னது, பழைய ஸ்டாக்ல போன விலைக்கே முழு செட்டா ஒக்காந்திருக்குற பிசி எதுவும் இருக்கான்னு ரெண்டு மூணு கடையில கேளு, ஒருவேளை இருக்கும், இல்லன்னா கிராபிக்ஸ் கார்டுல ஒரு படி எறங்கிக்கோ, ஆனா எட்டு ஜிபி ஒத்த ஸ்டிக்குல மட்டும் எடுக்காத, அந்தச் சீட்டை முழு மாடல் பேரோட திருப்பி எழுதித் தரச் சொல்லி அனுப்பு, பாத்துச் சொல்றேன்னு. இன்னும் அனுப்பல.